மூன்று சீட்டிலும் யோவான்

என் தம்பிக்கு யோவான் என்று பெயர் வைத்தது யார் என்று கேட்டால், எங்கள் வீட்டில் எல்லோரும் மேலே கையைக் காட்டுவார்கள். பாஸ்டர் முன்னிலையில், ஜெபம் பண்ணி, சீட்டுப் போட்டு எடுத்த பெயர் அது. பிள்ளைக்குப் பெயர் முடிவாகாமல் இழுத்துக்கொண்டே போனால் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் இப்படிச் செய்வது வழக்கம். மூன்று பெயரை மூன்று சீட்டில் எழுதி ஒரு கிண்ணத்தில் போட்டு, ஆண்டவருக்கு எது பிரியமோ அது கைக்கு வரட்டும் என்று விட்டுவிடுவார்கள். அந்த முறை ஆண்டவருக்கு நான் வேறு வழியே வைக்கவில்லை என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி நான். இன்னொருவர் பெரியப்பா.

அப்போது எனக்கு எட்டு வயது. மாமல்லபுரத்தில் ஒரே வீட்டில் நாங்கள் ஐந்து பேர். அப்பா, அம்மா, நான், அப்பாவின் அண்ணனான பெரியப்பா, அப்புறம் பெரியம்மா. அவர்கள் இருவருக்கும் பிள்ளை இல்லை, அதனால் எனக்கு எல்லாமே இரண்டு பங்கு கிடைத்தது, அடி உட்பட. அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் வேலை, ஸ்டாஃப் பஸ்ஸில் போய்வருவார். பெரியப்பா கைடு. அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு முன்னால் நின்று அவர் பேச ஆரம்பித்தால், அவரை அமர்த்திக்கொண்ட குடும்பம் நாலு பேர் என்றால் ஓசியில் கேட்க நாற்பது பேர் சேர்ந்துவிடுவார்கள். அப்படி ஒரு குரல். கங்கை இறங்கும் இடத்தில் உயர்த்துவார், யானைக்குட்டி ஒண்டிக்கொண்டிருக்கும் இடத்தில் தணிப்பார். குட்டியைத் தூங்கவிடச் சொல்கிறாரோ என்று ஜனங்களும் அடங்கிவிடும்.

அதே குரல்தான் சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தையும் நடத்தும். பகலெல்லாம் பாண்டவர்கள், ஏழு மணிக்கு மேல் தாவீதும் கோலியாத்தும். கோலியாத்து விழும் கட்டத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். ஜெபம் முடிந்ததும் வேத விளையாட்டு. அவர் ஓர் எழுத்தைச் சொல்வார், அந்த எழுத்தில் தொடங்கும் வேதாகமப் பெயரை நாங்கள் கத்த வேண்டும். முதலில் கத்துகிறவருக்கு ஒரு புளியங்கொட்டை. நியாயமாகப் பார்த்தால் அந்த விளையாட்டில் வேத அறிவைவிடத் தொண்டைக்குத்தான் வேலை அதிகம், அதனால் பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன்.

அந்த வருஷம் பெரியப்பாவுக்குத் தொண்டை கட்டியது. கட்டியது கட்டியபடியே இருந்தது. சுக்குக் கஷாயம், மிளகுப் பால், கல்பாக்கத்து டாக்டர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கடைசியில் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது கழுத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார். குரல் இல்லை. "தொண்டைக்கு ரெஸ்ட் குடுக்கணும் பாப்பா" என்றாள் அம்மா. எத்தனை நாள் என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றாள். எட்டு வயதில் 'பாக்கலாம்' என்றால் அடுத்த வாரம் என்று அர்த்தம். கடல்காற்று வாங்கச் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுத் திரிகிற மனிதர், அதற்குப் பிறகு வீட்டுக்குள்ளும் கழுத்துத் துணியை எடுத்ததில்லை. பாறை வேலையும் போயிற்று. தெரிந்தவர் ஒருவரின் சிற்பக் கடையிலிருந்து சின்னச் சின்னக் கல் யானைகளை வாங்கி வந்து, பின்கட்டில் உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுப்பார்.

பேசுவதற்கு என்னுடைய மேஜிக் சிலேட்டைக் கொடுத்தேன். கேளம்பாக்கத்தில் வாங்கியது, ரோஸ் கலர், ஓரத்தில் வாத்துப் படம். நூலில் தொங்கும் குச்சியால் எழுதிவிட்டு அடியில் இருக்கும் பட்டையை இழுத்தால் எழுத்தெல்லாம் அழிந்துவிடும். அந்தச் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு பெரியப்பா காய்கறிக்காரரிடம் பேரம் பேசுவதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. அவரும் சிரித்தார், சத்தமில்லாமல்.

அவர் வீடு திரும்பிய வாரமே பெரியம்மா ஒரு சட்டம் போட்டாள். "இனிமே ஜெபம் முடிஞ்சா ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது. வெளையாட்டெல்லாம் கம்முனு தான். பேசினா கொட்ட போச்சு."

"ஏன் பெரியம்மா?"

"உங்கம்மா வயித்துல பாப்பா தூங்கிகினு கீது, தெரியாது உனக்கு?"

அம்மாவுக்கு அப்போது நாலு மாதம். வயிற்றுக்குள் இருப்பதற்கு அப்படியென்ன தூக்கம் என்று எரிச்சலாக இருந்தாலும் நம்பிவிட்டேன். அப்படி ஆரம்பித்தவைதான் எங்கள் வீட்டின் ஓசையில்லாத விளையாட்டுகள். அம்மா காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு எழுத்துகளை நிரப்புவாள், அதற்குள் ஒளிந்திருக்கும் பன்னிரண்டு சீஷர்களை நாங்கள் பென்சிலால் வளைக்க வேண்டும். பதினோரு பேர் அகப்பட்டுவிடுவார்கள், யூதாஸ் மட்டும் எங்கேயாவது குறுக்கே படுத்திருப்பான். இன்னொன்று, பிஸ்கட் டப்பாவிலிருந்து ஒரு பெயர்ச் சீட்டை எடுத்து மற்றவர்களுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்வது. 'ராஜாவா?', 'பெண்ணா?', 'மலை மேல் ஏறினாரா?' என்று மற்றவர்கள் துண்டுத் தாளில் எழுதிக் கேட்பார்கள், தலையாட்டலோ கையசைப்போதான் பதில். சீட்டுகள் பறக்காமலிருக்க ஃபேனை நிறுத்திவிட்டு, வேர்த்து வழிய, ஐந்து பேரும் பாயில் கம்மென்று உட்கார்ந்திருப்போம். அப்பா பக்கத்தில் இருப்பவர் தாளை எட்டிப் பார்ப்பார். பெரியப்பா சிலேட்டில் 'செல்லாது' என்று எழுதி அவர் முகத்துக்கு நேரே நீட்டுவார். சரியான விடைக்கு 'செல்லும்'. நாளடைவில் அவரே நடுவர் ஆகிவிட்டார்.

என் பங்குக்கு நானும் ஒரு விளையாட்டைப் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்தேன். குரல் எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்து ஒரு வேத வார்த்தையைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் பார்த்துக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். விடை சொல்ல மட்டும் வாயைத் திறக்கலாம் என்று பெரியம்மாவிடம் அனுமதியும் வாங்கிவிட்டேன். முதல் ஆள் பெரியப்பா என்று நான் அறிவித்தபோது பெரியம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் சிவந்திருந்தது. பெரியப்பா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு சிலேட்டில் 'நான் நடுவர்' என்று எழுதினார். அதோடு சரி. நாங்கள் நாலு பேரும் மீன் மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருப்போம், அவர் ஒருநாளும் ஆடியதில்லை. நான்தான் அதில் கெட்டிக்காரி. 'நெபுகாத்நேச்சார்' என்று அப்பா உதட்டை முறுக்கினாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சபை அம்மா ஒருத்தி பெரியம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். "நான் சொல்றேன்னு கோச்சிக்காத. இத்தினி வருசமா பாறைகிட்ட நின்னு யார் யாரோட கதையோ சொல்லிகினு இருந்தாரு இல்ல? அதான் ஆண்டவர் வாயக் கட்டிட்டாரு."

பெரியம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "அந்தக் கதைய வெச்சுதான் எங்க வூட்ல இருவது வருசமா ஒல கொதிச்சுது. அதே பாறைய ஆண்டவர் தான படச்சாரு? அவுருக்குத் தெரியாத கதையா?" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். வழியெல்லாம் அழுதாள். எனக்கோ உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். ஆண்டவர் வாயைக் கட்டிய இன்னொருவரை எனக்குத் தெரியும், அவர் வாய் திரும்பத் திறந்ததும் தெரியும்.

சகரியா கதையைக் கேட்காதவர்கள் எங்கள் சபையில் யார்? எனக்குச் சொன்னது பெரியப்பாவேதான், குரல் இருந்த காலத்தில். வயதான ஆசாரியர். பிள்ளை பிறக்கும் என்று தேவதூதன் சொன்னதை நம்பாததால் ஊமையாகிவிடுகிறார். பிள்ளை பிறக்கிறது. சொந்தக்காரர்கள் எல்லாம் கூடி அப்பா பெயரையே வைக்கலாம் என்கிறார்கள். இல்லை, யோவான் என்கிறாள் தாய். உங்கள் வம்சத்தில் அப்படி ஒரு பெயரே கிடையாதே என்கிறார்கள். அவர் ஒரு எழுத்துப் பலகையைக் கேட்டு வாங்கி, பிள்ளையின் பேர் யோவான் என்று எழுதுகிறார். அந்த நிமிஷமே அவர் வாய் திறக்கிறது. இந்த இடத்தில் பெரியப்பா குரலைக் கொண்டுபோகும் உயரம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

நான் கணக்குப் போட்டேன். ஊமையான பெரியவர் இருக்கிறார். பலகை இருக்கிறது, ரோஸ் கலரில். பிள்ளை வந்துகொண்டிருக்கிறது. கதையில் சொந்தப் பிள்ளை, எங்கள் வீட்டில் அவருடைய தம்பி பிள்ளை, அது ஒன்றும் பெரிய வித்தியாசமாக எனக்குப் படவில்லை. ஆண் பிள்ளையாக மட்டும் பிறந்துவிட வேண்டும். அன்றிலிருந்து குடும்ப ஜெபத்தில் தம்பிதான் வேண்டும் என்று நான் முட்டிபோட்டுக் கண்ணீர் விட்டதைப் பார்த்து, தம்பி மேல் இவளுக்கு எவ்வளவு ஆசை என்று வீடே நெகிழ்ந்தது. தம்பி எனக்கு எதற்கு? பெரியப்பா மறுபடியும் கோலியாத்தை விழவைக்க வேண்டும், பக்கத்து வீட்டு நாய் குரைக்க வேண்டும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

தம்பிதான் பிறந்தான். பாதி வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் பெயர் விஷயத்தில் என்னை யாரும் மதிக்கவில்லை. அப்பாவுக்கு டேனியல், அம்மாவுக்கு சாமுவேல், பெரியம்மாவுக்கு ஸ்டீபன். "யோவான்" என்றேன். "கெழவரு பேரு மாரி கீது" என்றார் அப்பா. மூன்று பேரும் விட்டுக்கொடுக்காமல் ஒரு மாதம் ஓடியது. கடைசியில், வீட்டில் ஜெபம் வைத்துச் சீட்டுப் போட்டுவிடலாம், பெரியவராகப் பெரியப்பா எடுக்கட்டும் என்று முடிவாயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெரியம்மா பிஸ்கட் டப்பாவிலிருந்து வெற்றுச் சீட்டுகளை எடுத்து மூன்று பெயரையும் எழுதி, நாலாக மடித்து, எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். பாஸ்டர் வந்தார். அவருக்கு டீ கலக்கப் பெரியம்மா அடுப்பங்கரைக்குள் திரும்பியதும் நான் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். என் மூன்று சீட்டுகள் மதியமே தயார், அதே டப்பா, அதே காலண்டர் தாள். ஒன்றில் மட்டும் எழுதினால் போதாதா என்று யோசித்துத்தான் பார்த்தேன். ஆண்டவருக்கு எதற்கு வீண் சிரமம் என்று மூன்றிலும் எழுதிவிட்டேன்.

"இன்னாடி அங்க உருட்டிகினு கீற?" என்று பெரியம்மாவின் குரல் வந்தது.

"தண்ணி பெரியம்மா!"

டேனியலும் சாமுவேலும் ஸ்டீபனும் என் பாவாடைப் பைக்குள் போய்விட்டார்கள்.

ஃபேனை நிறுத்தினார்கள். பாஸ்டர் நீளமாக ஜெபித்தார். பெரியப்பா கண்ணை மூடிக் கிண்ணத்தில் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தார். விரித்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு யாரும் எதிர்பாராதபடி மறுபடியும் கிண்ணத்தில் கையை விட்டு, மற்ற இரண்டையும் எடுத்து உள்ளங்கைக்குள்ளேயே விரித்துப் பார்த்தார்.

"ஒண்ணு போதும் பிரதர்" என்றார் பாஸ்டர்.

பெரியப்பா மூன்றையும் சேர்த்து மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சிலேட்டை எடுத்து எழுதி எல்லோருக்கும் காட்டினார். யோவான்.

"இது இன்னாங்க?" என்று பெரியம்மா பதறினாள். "நான் எழுதுன மூணுல இந்தப் பேரு இல்லியே! நம்ம வம்சத்துலயே யாருக்கும் கெடையாதே!"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கதையில் சொந்தக்காரர்கள் சொன்னதே! சொல்லிக்கொடுத்த மாதிரி சொல்கிறாளே!

"வெளையாட்டு டப்பா சீட்டு எதுனா கலந்துட்டிருக்கும் அக்கா" என்றாள் அம்மா.

"அப்போ இன்னொரு தபா போட்டுடலாம்" என்றார் அப்பா.

பாஸ்டர் தாடியைத் தடவினார். "கலந்து வந்தாலும் வந்தது வந்ததுதான். ஆனா பிரதர் வூட்டுக்குப் பெரியவரு. அவரு முடிவு சொல்லட்டும்."

எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் அவருக்கு நேர் எதிரே மண்டியிட்டு, இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, மூச்சுவிடாமல் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருஷம் கூட்டத்தின் முகத்தைப் படித்துக் கதை சொன்னவர் அவர். என் முகத்தில் ஓடுவது எந்தக் கதை என்று கண்டுபிடிக்க அவருக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்?

பட்டையை இழுத்து அழித்தார். இன்னும் பெரிய எழுத்தில், 'அவன் பேர் யோவான்' என்று எழுதினார். சிலேட்டைப் பாயில் வைத்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார், பாறைக்கு முன்னால் பேச ஆரம்பிக்கும்போது செய்வது போலவே. பிறகு வாயைத் திறந்தார்.

உதடுகள் அசைந்தன. கழுத்துத் துணி உப்பித் தணிந்தது. அந்தத் துணிக்குப் பின்னாலிருந்து புஸ்ஸென்று காற்று வந்தது. வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. இரண்டாம் தடவை அசைத்தார். பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மூன்றாம் தடவை இன்னும் மெதுவாக, என்னைப் பார்த்தே அசைத்தார். உதட்டு விளையாட்டில் என்னை மிஞ்ச ஆள் கிடையாதே. பழக்கதோஷத்தில் கத்திவிட்டேன்.

"ஸ்தோத்திரம்!"

பெரியப்பா தலையாட்டினார். "ஆமென்!" என்று பாஸ்டர் முழங்க, தம்பி விழித்துக்கொண்டு வீல் என்று கத்த, அம்மா அழுதுகொண்டே அவனைத் தூக்க, அறையில் எல்லோருக்கும் சத்தம் வந்தது, பெரியப்பாவைத் தவிர. பிரியாணி பரிமாறி முடியும் வரை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையலம்பிவிட்டுச் சிலேட்டைத்தான் தேடி எடுத்தார்.

தொண்டைக்கு ரெஸ்ட் ஒன்றும் இல்லை, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள் என்று பல வருஷம் கழித்துத்தான் அம்மா சொன்னாள். வீட்டில் எல்லோருக்கும் முதல் நாளே தெரியும். எங்கள் ஐந்து பேரில் அவர் ஒருவர் மட்டும் ஊமையாக உட்கார்ந்திருக்கக் கூடாது என்றுதான் பெரியம்மா எல்லோர் வாயையும் பூட்டியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்த அன்று ஒரு தடவை பேச முயன்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு பெரியம்மா முன்னால்கூட அவர் உதட்டை அசைத்ததில்லையாம். அந்தக் காற்றுச் சத்தத்தை யாரும் கேட்டுவிடக் கூடாது என்று அவருக்கு அவ்வளவு வெட்கம். அதை பாஸ்டர் முன்னால், அத்தனை பேர் முன்னால், ஒன்றுக்கு மூன்று தடவை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பின்கட்டுக்குப் போனேன். பெரியப்பா ஒரு கல் யானையைத் தண்ணீரில் முக்கி உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தார். இரவெல்லாம் யோசித்து நான் காரணத்தைக் கண்டுபிடித்திருந்தேன். திருட்டு வேலை செய்தால் ஆண்டவர் எப்படிக் கொடுப்பார்?

"பெரியப்பா, நான்தான் மூணுலயும் எழுதிட்டேன். ஏமாத்திட்டேன். அதான் உனுக்குக் கொரலு வரல" என்று சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அவர் யானையைக் கீழே வைத்தார். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, என் முகத்தையும் அதே லுங்கியால் துடைத்தார். கல்மாவு கண்ணில் பட்டுக் கரித்தது. சிலேட்டை எடுத்து நடுவராக எழுதினார்: 'செல்லும்'.

எனக்கு அப்படியே பாரம் இறங்கியது. நடுவரே சொல்லியாயிற்று. ஏமாற்றியது கழிந்துவிட்டது, ஆட்டம் செல்லும், அப்படியானால் வர வேண்டியது வந்தே ஆக வேண்டும்.

"அப்போ கொரலு எப்ப வரும் பெரியப்பா?"

அவர் பட்டையை இழுத்து அழித்தார். குச்சியைப் பிடித்தபடி வெற்றுச் சிலேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எழுதாத சிலேட்டின் பட்டையை மறுபடியும் ஒருமுறை இழுத்தார். தேதியை யோசிக்கிறார் என்று நினைத்து, யானையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவர் எழுதி முடிக்கட்டும் என்று நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.